மாமா கேட்டுவந்த பெரிய சாமியார்

சூசையப்பர்பட்டி
9.6.1991

சேசுவுக்கே புகழ்.

அன்பும் மரியாதையும் உள்ள சிலுவைமுத்து மாமாவுக்கு, உங்கள் அக்காள் மகள் பிலோமினா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அவரும் அத்தையும் தேவமாதா கிருபையால் சுகம். உங்கள் இருமல் எப்படி இருக்கிறது?

அம்மா இருந்திருந்தால் இதை அம்மாவிடம் சொல்லியிருப்பேன். கலியாணமாகி ஒன்பது வருஷம். எனக்குக் குழாய் இரண்டும் அடைத்திருக்கிறது, மருந்தால் திறக்காது என்று திருச்சி டாக்டரம்மா சொல்லிவிட்டார்கள். மெட்ராசில் ஒரு ஆஸ்பத்திரியில் என் கருமுட்டையை எடுத்து, அவருடையதோடு கண்ணாடித் தட்டில் சேர்த்து, இரண்டு நாள் வைத்திருந்து என் வயிற்றிலேயே விடுவார்களாம். வேறு யாருடையதும் இல்லை மாமா. அவரிடம் அங்கே கேட்கப்போவதை எழுதக் கூசுகிறது. அவர் தலையை ஆட்டினார். வாயால் சரி என்று இன்னும் சொல்லவில்லை.

போன வருஷத் தியானத்தில் பிரசங்கம் வைத்த சாமி, ரோமாபுரியிலிருந்தே இதைத் தடுத்துவிட்டார்கள் என்றார். பிள்ளை என்பது புருஷன் பெண்சாதி அன்பில் பெறுகிற கொடை, செய்து வாங்குகிற பண்டம் அல்ல என்றார். அன்றிலிருந்து எனக்குப் பயம். நம் பங்குச் சாமி மிக்கேல் சாமியிடம் கேட்க முடியாது. என் வீட்டுக்காரர் வாத்தியார் வேலை பார்ப்பது கோயில் பள்ளிக்கூடத்தில். அத்தைக்கும் தெரியக்கூடாது.

நீங்கள் மெட்ராசுக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள். படித்த சாமியார் ஒருவரைப் பார்த்து, இது நரகத்துக்கு இழுக்கும் சாவான பாவமா என்று கேட்டுச் சொல்லுங்கள். அவர் சரி என்றால் வருவேன். இல்லை என்றால் இல்லை.

உங்கள் மருமகள்
பிலோமினா


ஸ்ரீபெரும்புதூர்
17.6.1991

என் கண்ணான மருமகள் பிலோமிக்கு மாமன் சிலுவைமுத்து ஆசீர்வாதம் ஆயிரம். என் இருமல் என்னைக் கண்டு பயந்து ஓடி மாசம் இரண்டு ஆகிறது. மாப்பிள்ளையும் சம்பந்தியம்மாளும் சுகம்தானே?

எட்டாவது பெயிலானவனிடம் கேட்கிறோமே என்று நீ யோசித்திருக்க மாட்டாய். யோசித்திருந்தாலும் தப்பில்லை. ஆனால் இந்த பம்பு கம்பெனியின் கேட் முழுக்க என் கையில். நான் கையைத் தூக்காமல் ஒரு லாரி உள்ளே போகாது. முதலாளியே ஹாரன் அடித்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். என்னைப் போய் வாட்ச்மேன் என்கிறார்கள் சில பொறாமைக்காரர்கள்.

சாமியார்களை எனக்கு விரல்விட்டு எண்ண முடியாத அளவுக்குத் தெரியும். ஒருவரைப் பிடித்து உட்காரவைத்துக் கேட்டுவிடுகிறேன். ஆஸ்பத்திரிக்கு என் அறையிலிருந்தே போய்வரலாம். இங்கே ரயிலடி கிடையாது. கலெக்டர் காதில் போட்டு வைத்திருக்கிறேன், ஆனாலும் நீ பஸ்ஸிலேயே வா.

மே மாதம் இந்த ஊரில் நடந்தது உலகத்துக்கே தெரியும். அதற்குப் பிறகு புது முகம் தங்கினால் போலீஸ் வந்து கேட்கிறது. போன வாரம் லாட்ஜில் தங்கியிருந்த ஒரு பெண்ணை, வளையல் விற்க வந்தவள், ஒரு பகல் முழுக்க உட்காரவைத்துவிட்டார்கள். நீ பயப்படாதே. இன்ஸ்பெக்டர் எனக்கு முன்னால் உட்காரமாட்டார். வீட்டுச் சொந்தக்கார சந்திரம்மாளிடமும் சொல்லிவிட்டேன். "யாரு சிலுவ, அக்கா பொண்ணா? வரட்டும்யா. உன் மூஞ்சியப் பாத்தா உனக்கு சொந்தக்காரங்க கீறாங்கன்னு யாரு நம்புவா?" என்றாள். அன்பான பொம்பளை.

நான் பொறுப்பு. தூங்கு.

மாமன்
சிலுவைமுத்து


சூசையப்பர்பட்டி
25.6.1991

அன்புள்ள மாமாவுக்கு, எல்லாரும் சுகம், உங்கள் சுகமே எங்கள் பிரார்த்தனை.

கேட்டீர்களா?

முந்தாநாள் பூசையில் சாமி பிரசங்கத்தில் 'கனி கொடாத மரம்' என்றார். அது வாசகத்தில் வருவது, என்னைச் சொன்னதில்லை. ஆனால் அத்தை திரும்பி என்னைப் பார்த்தார்கள். இவர் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தட்டில் இரண்டு நாள் இருக்கும்போது அதற்கு உயிர் உண்டா மாமா? உண்டென்றால், நான் அங்கே இல்லாதபோது அது யாருடைய கையில் இருக்கும்? அதையும் கேளுங்கள்.

பிலோமினா


ஸ்ரீபெரும்புதூர்
8.7.1991

மருமகளே, மாமன் குன்றுபோல் இருக்கிறேன். நீங்கள் அனைவரும் அப்படியே இருப்பீர்களாக.

கேட்டேன்! பட்டணத்தில் பெரிய கோயில் ஒன்று, பெயர் சொன்னால் நீ நடுங்குவாய், அதன் பெரிய சாமியாரையே பார்த்தேன். ரோமாபுரியில் பதினெட்டு வருஷம் படித்தவர். தாடி முழங்கால் வரை. வாசலில் எழுபது பேர் காத்திருக்க, "யாரு, சிலுவைமுத்துவா? உள்ளே வரச் சொல்" என்று எனக்குக் காப்பி கொடுத்தார். பித்தளை டம்ளர், டிகாஷன் தூக்கல்.

விஷயத்தைச் சொன்னேன். கண்ணை மூடி லத்தீனில் கொஞ்ச நேரம் பேசினார். அர்த்தம்: பயப்படாதே. பிறகு தமிழில் சொன்னார்: "புருஷனுடையதும் பெண்சாதியுடையதும்தானே? மூன்றாம் மனுஷர் இல்லையே? அப்புறம் என்னப்பா, தைரியமாகப் போகச் சொல். ரோமாபுரிக்கு நான் எழுதிக்கொள்கிறேன். நான் பொறுப்பு."

உயிர் உண்டா என்றும் கேட்டேன். உண்டு, அதற்கு ஒரு சம்மனசு சிறகை விரித்துக் காவல் நிற்கும் என்றார். ஆஸ்பத்திரிக்குள் சம்மனசுக்கு அனுமதிச் சீட்டு வேண்டியதில்லை என்று சொல்லிச் சிரித்தார்.

ஆக, நீ வருகிறாய். சம்பந்தியம்மாளுக்கு என்ன சொல்வது என்று நீ கவலைப்படாதே. எனக்கு உடம்பு முடியவில்லை, பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று ஒரு கார்டு போடுகிறேன். கார்டைத்தான் தெருவே படிக்குமே. இந்த இன்லேண்டை நீ அடுப்பில் போட்டுவிடு.

மாமன்
சிலுவைமுத்து


(தபால் கார்டு)
ஸ்ரீபெரும்புதூர்
15.7.1991

மகா கனம் பொருந்திய சம்பந்தியம்மாள் அவர்களுக்குப் படுக்கையிலிருந்து சிலுவைமுத்து எழுதும் கடைசி எழுத்தாகவும் இருக்கலாம். தாங்கள் சுகமா? எனக்கு ஈரல் கரைந்து, நுரையீரல் ஒட்டிக்கொண்டு, இதயம் ஒரு விரற்கடை இடம் மாறிவிட்டதாக எட்டு டாக்டர்கள் கூடிச் சொல்கிறார்கள். கஞ்சி ஊற்ற ஆளில்லை. அக்காள் மகளைக் கொஞ்ச காலம் அனுப்பிவைத்தால் அவள் கையால் தண்ணீர் குடித்துவிட்டுக் கண்ணை மூடுவேன். ஜெபத்தில் நினைக்கவும்.


ஸ்ரீபெரும்புதூர்
20.8.1991

மாப்பிள்ளை மதலைமுத்து அவர்களுக்கு, மாமன் வணக்கம். தங்கள் அம்மாவும் தாங்களும் சுகம் என்று நம்புகிறேன். பிலோமி சுகம். அன்று நீங்கள் வந்து உங்கள் காரியத்தை முடித்துக்கொடுத்து, முகத்தை யாருக்கும் காட்டாமல் பஸ் ஏறினீர்களே, அதற்குப் பிறகு எல்லாம் நல்லபடி நடந்தது. மூன்று கருவை உள்ளே விட்டிருக்கிறார்கள். தங்கியதா இல்லையா என்பது பின்னால் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்துத்தான் தெரியும். அதுவரை படுக்கை. காலுக்குக் கீழே என் டிரங்குப் பெட்டியை வைத்துப் படுத்திருக்கிறாள். தும்மல் வந்தால்கூட மூக்கைப் பிடித்துக்கொள்கிறாள். விழுந்துவிடுமாம்.

இப்போது ஒரு சங்கதி. பதறாதீர்கள். என் கார்டை உங்கள் அம்மா சாமியிடம் காட்டினார்களாமே! கோயிலில் எனக்காக ஜெபம் சொன்னார்களாமே! நேற்றுப் பகலில் நான் கேட்டில் நிற்கிறேன், சந்திரம்மாள் தலைமுடி அவிழ ஓடிவருகிறாள். "யோவ் சிலுவ! வெள்ள அங்கி போட்டுகினு ஒரு சாமியாரு வந்துகீறாரு! உனுக்கு சாவப்போற நேரத்துல பூசுற எண்ணெ எடுத்தாந்து கீறாராம்! நீ இன்னாயா, இங்க நின்னு லாரிக்கு சல்யூட் அடிச்சிகினு கீற?"

மிக்கேல் சாமி! மெட்ராசில் ஏதோ கூட்டத்துக்கு வந்தவர் எனக்கு அவஸ்தைப் பூசுதல் கொடுக்க இறங்கிவிட்டார். நான் வயக்காட்டு வழியாக ஓடி, பின்பக்கமாக நுழைந்து, பாயில் விழுந்து, கம்பளியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டேன். ஆகஸ்ட் மாசத்து வெயில், கம்பளி, ஓடிவந்த மூச்சு: இதைவிட நன்றாக யாராலும் சாக முடியாது. சாமி உள்ளே வந்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டேன். நெற்றியில் கட்டைவிரலை வைத்துச் சிலுவை போட்டார். மாப்பிள்ளை, அந்த எண்ணெய் நெருப்பு மாதிரி உள்ளே இறங்கியது. பொய் சொல்லவில்லை.

பிறகு அவர் பிலோமி படுத்திருந்த பக்கம் போனார். "உனக்கு என்னம்மா?" என்று கேட்டது காதில் விழுந்தது. அப்புறம் குரலைத் தாழ்த்திவிட்டார்கள். நெடுநேரம் பேசினார்கள். நான் செத்துக்கொண்டிருந்ததால் எழுந்து போய்க் கேட்க முடியவில்லை. சாமி போன பிறகு அவளைக் கேட்டேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஊரில் சாமி முகம் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். பள்ளிக்கூடத்தில் எதுவும் கேட்டாரா?

சிலுவைமுத்து


சூசையப்பர்பட்டி
12.9.1991

அன்புள்ள மாமாவுக்கு, பத்திரமாக வந்துசேர்ந்தேன். உங்கள் புண்ணியத்தில் தங்கியிருக்கிறது. மூன்று பேர் வந்தார்கள், ஒருவர் இருக்கிறார். மற்ற இரண்டு பேரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தண்ணீர் தெளித்துப் பெயர் வைக்காமல் போனவர்களுக்குப் பூசை கேட்கலாமா என்று தெரியவில்லை.

உங்களைப் பார்த்துக்கொண்ட புண்ணியத்தில் எனக்கு வயிறு திறந்தது என்று அத்தை தெருவெல்லாம் சொல்கிறார்கள். நான் சிரிக்கிறேன். கோயில் மணி அடித்தால் கை வயிற்றுக்குப் போகிறது.

அன்று உங்கள் அறையிலேயே சாமியிடம் பாவசங்கீர்த்தனமாக எல்லாம் சொல்லிவிட்டேன். அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. "பிள்ளை தங்கினால் அதைப் பாவம் என்று ஒருநாளும் நினைக்காதே. அது சர்வேசுரன் தந்தது. வந்த வழிதான் தப்பு" என்றார். வழிக்காக வருத்தப்படுகிறாயா என்று கேட்டார். மாமா, என்னால் ஆம் என்று சொல்ல முடியவில்லை. வழிக்காக வருத்தப்பட்டால், அந்த வழியில் வந்து உள்ளே படுத்திருப்பது கேட்டுக்கொண்டிருக்காதா? அதற்குக் கோபம் வந்து போய்விட்டால்?

வருத்தமில்லாமல் மன்னிப்புக் கொடுக்க முடியாது, காத்திருக்கிறேன் என்றார். இங்கே பூசையில் நன்மை அப்பம் வாங்க எல்லாரும் எழுந்து போகும்போது, மன்னிப்பில்லாததால் நான் உட்கார்ந்திருக்கிறேன். மயக்கம் வருகிறது என்று அத்தையிடம் சொல்கிறேன். எத்தனை ஞாயிறுக்குச் சொல்வேன்? இந்த நிலையில் பிரசவத்தில் எனக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

ஒரு வழி இருக்கிறது. சாமி கேட்டார்: "இது சரி என்று உனக்கு யாராவது சொன்னார்களா?" பாவம் என்று தெரியாமல் செய்திருந்தால் அது சாவான பாவம் ஆகாதாம். மெட்ராசுப் பெரிய சாமியார் என் மாமாவிடம் சொன்னார் என்றேன். "யார் அவர்? பெயர் என்ன?" என்றார்.

மாமா, அவர் பெயர் என்ன?

பிலோமினா


ஸ்ரீபெரும்புதூர்
2.10.1991

மருமகளுக்கு ஆசீர்வாதம். நல்ல சேதி! மெலிந்த உடம்புக்கு மீன் நல்லது. சம்பந்தியம்மாளை நான் கேட்டதாகச் சொல்.

பெரிய சாமியார் பெயர்தானே? நாக்கு நுனியில் நிற்கிறது. வெள்ளைக்காரப் பெயர், பாதி லத்தீன். அவரை ஆப்பிரிக்காவுக்கு மாற்றிவிட்டார்களாம். போகும்போது, அந்த வழுக்கைத் தலையும் மழமழவென்ற முகமும் கண்ணிலேயே நிற்கிறது, "சிலுவைமுத்து, உன் மருமகளுக்குச் சொல்" என்று கண் கலங்கினாராம். விசாரித்து எழுதுகிறேன்.

எனக்குத்தான் சரியில்லை பிலோமி. இது கார்டில் எழுதிய நோய் இல்லை. அவஸ்தைப் பூசுதல் வாங்கினவன் எழுந்ததில்லை என்று நம் ஊரில் சொல்வார்களே. உன் தாத்தாவுக்குப் பூசினார்கள், அன்று மாலையே. நான் திடமாக இருந்துகொண்டு, படுத்துக்கொண்டு, அதை வாங்கிவிட்டேன். நெற்றியில் பூசிய இடம் இன்னும் எரிகிறது. சோப்புப் போட்டுத் தேய்த்தேன். எண்ணெய் வாசனை போகவில்லை. கேட்டில் என்னோடு நிற்கும் எல்லப்பன், "இன்னாண்ணா, சொம்மா சொம்மா நெத்தியத் தொட்டுப் பாத்துக்கினே கீற? கொம்பு மொளைக்குதா?" என்கிறான். கம்பெனிச் சங்கு ஊதினால் திடுக்கிடுகிறது.

நீ பயப்படாதே. நான்

(வேறு மையில்)

இன்னும் எழுத நினைத்தேன். தபால் எடுக்க வந்துவிட்டார்கள்.

மாமன்


சூசையப்பர்பட்டி
14.10.1991

மாமா, நேற்றிலிருந்து ரத்தம் படுகிறது. டாக்டரம்மா அசையக்கூடாது என்றிருக்கிறார்கள். படுத்தபடி எழுதுகிறேன், இது உங்கள் கார்டு போல இல்லை.

இவர் முதல் தடவையாக வாயைத் திறந்தார். "நம்மளை இது சும்மா விடுமா?" என்றார். 'இது' என்று எதைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

பெயர் மட்டும் போதும். உடனே எழுதுங்கள்.

பிலோமினா


சூசையப்பர்பட்டி
28.11.1991

சேசுவுக்கே புகழ்.

அன்புள்ள மாமாவுக்கு, பிலோமினா எழுதுவது. உங்களிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. எப்போதும் பதில் எழுதிவிடுகிற கை. உடம்புக்கு நிஜமாகவே ஏதாவதா என்று பயமாக இருக்கிறது. அதனால் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

மாமா, சாமி உங்களுக்கு எண்ணெய் பூசவே இல்லை. நீங்கள் கண்ணை மூடியிருந்தீர்கள், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பளிக்கு வெளியே உங்கள் கம்பெனி பூட்ஸ் இரண்டும் சேற்றோடு நீட்டிக்கொண்டிருந்தன. சாமி அதைப் பார்த்தார். எண்ணெய்ச் சிமிழை மடியிலேயே வைத்துக்கொண்டு, உங்கள் தலைமாட்டுச் செம்புத் தண்ணீரில் விரலை நனைத்துத்தான் சிலுவை போட்டார். திடமானவனுக்கு அந்த எண்ணெயைக் கொடுக்கக்கூடாதாம். எரிந்தது குழாய்த் தண்ணீர் மாமா. ஊருக்கு வந்ததுமே உங்களுக்கு எழுதியிருக்க வேண்டும். என் பயத்தில் மறந்துபோனேன்.

இரண்டாவது. உங்களிடம் பெயர் கேட்டு நான் எழுதியதெல்லாம் பொய்க் கேள்வி. நீங்கள் யாரையும் கேட்கவில்லை என்று எனக்கு அப்போதே தெரியும். தாடி முழங்கால் வரை என்று எழுதியதைப் படித்து அன்றைக்கு நான் சிரித்தேன். 'நான் பொறுப்பு' என்று சொல்கிற ஆள் இந்த உலகத்தில் ஒருவர்தான், அவர் சாமியார் இல்லை. தெரிந்தும் பஸ் ஏறினேன். நீங்கள் சரி என்றுதான் எழுதுவீர்கள் என்று தெரிந்துதான் உங்களைக் கேட்கச் சொன்னேன். உண்மை சொல்கிற ஒருவரைக் கேட்க எனக்குப் பயம்.

ரத்தம் நின்ற பிறகு, போன சனிக்கிழமை, இதைத்தான் சாமியிடம் சொன்னேன். பிள்ளைக்காக வருத்தப்பட முடியாது சாமி, ஆனால் தெரிந்துகொண்டே தெரியாதவள் போல நடந்ததற்கு வருத்தப்படுகிறேன், என் பயத்தைத் தூக்கி மாமா தலையில் வைத்ததற்கு வருத்தப்படுகிறேன் என்றேன். சாமி கையை உயர்த்தி மன்னிப்புச் சொன்னார். அதோடு எல்லாம் தீர்ந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. அந்த இரண்டு பேருக்காகவும் பூசையில் நினைத்துக்கொள்கிறேன், பெயர் வேண்டாம் என்றார். ஞாயிற்றுக்கிழமை நன்மை வாங்க எழுந்தேன். திரும்பி வந்து முழங்காலில் இருக்கும்போது உள்ளே ஏதோ புரண்டது. பூசை முடிந்து வந்து அத்தையிடம் கேட்டேன். "அதாண்டி புள்ளை" என்றார்கள்.

சித்திரையில் பிரசவம். இன்னும் ராத்திரி கை வயிற்றின் மேலேயே இருக்கிறது. அசையாவிட்டால் இவரை எழுப்புகிறேன். அவரும் கை வைத்துப் பார்க்கிறார், இப்போது.

பிறந்தால் ஞானஸ்நானத்துக்கு நீங்கள்தான் ஞானத்தகப்பனாக நிற்க வேண்டும். பிள்ளைக்குப் பதிலாகச் சாமி கேட்பதற்கெல்லாம் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் பாவசங்கீர்த்தனம் செய்திருக்க வேண்டும் என்று மிக்கேல் சாமி சொல்லச் சொன்னார். பூட்ஸைப் பற்றி அவருக்குக் கோபமில்லையாம்.

உங்கள் மருமகள்
பிலோமினா


ஸ்ரீபெரும்புதூர்
10.12.1991

பிலோமிக்கு.

கடிதம் வந்தது. நான் சுகம். நீ சுகமாக இரு. இங்கே மழை. கேட்டில் தண்ணீர் நிற்கிறது. எல்லப்பன் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறான், நானும் நிற்கிறேன்.

உன் கடிதம் வருகிறவரை நான் உன்னைக் கொன்றுவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். ரத்தம் என்று நீ எழுதிய பிறகு பேனாவை எடுத்தால் கை ஓடவில்லை. பெயர் ஒன்று எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நூறு பெயர் தெரியும் எனக்கு. ஒன்றுகூட எழுத முடியவில்லை.

சனிக்கிழமை கோயிலுக்குப் போனேன். சின்னக் கோயில்தான். சாமியும் சின்ன வயசு, தாடி இல்லை. கடைசியாக எப்போது பாவசங்கீர்த்தனம் செய்தாய் என்று கேட்டார். ஞாபகமில்லை என்றேன். அது நிஜம். மீதியையும் நடந்தது நடந்தபடியே சொன்னேன்.

என் பேச்சு இருக்கிற பேச்சுக்கு இருட்டும்வரை ஆகும் என்று சந்திரம்மாளிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தேன். வெளியே வந்து பார்க்கிறேன், நான் வந்த பஸ்ஸே இன்னும் அங்கே நின்றுகொண்டிருக்கிறது பிலோமி.

பயமாகத்தான் இருக்கிறது. சித்திரையில் வருகிறேன்.

சிலுவைமுத்து
வாட்ச்மேன்